தோண்டாமல் விட்டிருந்தால் அந்தக் குவளைகள் கிடைத்திருக்குமா?

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2023

மத்திய அமெரிக்காவின் பழங்கால மாயர்களின் கல்லறைகளைத் தோண்டியவர்களைக் கொள்ளையர் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்கிறோம். ஆனால் இன்று அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கும் மாய ஓவியக் குவளைகளில் பெரும்பகுதி அவர்கள் எடுத்தவையே. அவை வெளியே வராதிருந்தால் மாய எழுத்தை இந்த அளவுக்குப் படித்திருக்க முடியாது. மர வேர்கள் என்றோ அவற்றை நொறுக்கியிருக்கும். அப்படியிருக்க, அவர்கள் செய்தது முழுக்கத் தீமைதானா?

6 ஜனவரி, இரவு

கேட்டவர் மீது யாரும் பாய வேண்டாம். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நானும் இதே கட்சியில்தான் இருந்தேன், கேள்வியில் பாதி உண்மையும் இருக்கிறது. 1971ஆம் ஆண்டு நியூயார்க்கின் குரோலியர் கழகத்தில் மாயவியல் அறிஞர் மைக்கேல் கோ நடத்திய கண்காட்சியில் வைக்கப்பட்ட குவளைகளில் பெரும்பாலானவை எந்த ஊரில், எந்த மேட்டின் அடியில் கிடைத்தவை என்று சொல்ல ஆளில்லாதவை. அவற்றின் விளிம்பைச் சுற்றி ஒரே குறிகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் படித்தபோது, 'இது இன்னார் கொக்கோ பருகும் குவளை' என்ற பொருளில் அமைந்த உடைமைக் குறிப்பு என்று தெரிந்தது. நம் வீட்டுப் பாத்திரங்களில் பேர் வெட்டி வைப்பதைப் போல என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆகவே களவுப் பொருளால் அறிவு வளரவே இல்லை என்று வாதிட நான் தயாரில்லை. அதற்குக் கொடுத்த விலையைக் கணக்குப் பார்க்க ரியோ அசுல் என்ற ஒரே ஊர் போதும். நாளை எழுதுகிறேன்.

7 ஜனவரி

ரியோ அசுல் குவாத்தமாலாவின் வடகிழக்கு மூலையில், மெக்சிகோவும் பெலிஸும் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில், பெத்தேன் காட்டுக்குள் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அங்கே கூலிக்கு ஆள் வைத்து, ஒழுங்காக முகாம் போட்டுத் தோண்டினார்கள். 1981இல், மாயக் கல்லெழுத்துகளைப் பதிவு செய்துவந்த இயன் கிரகாம் அந்தச் சேதத்தை வெளியுலகுக்குத் தெரிவித்த பிறகு, ரிச்சர்ட் ஆடம்ஸ் தலைமையில் அகழாய்வாளர்கள் வந்து எண்ணியபோது நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுக்குழிகள் இருந்தன. காலியாகிக் கிடந்த கல்லறைகளில் ஒன்றின் சுவர்களில் சிவப்புச் சாயத்தில் எழுதிய ஒரு பிறந்தநாள் இருக்கிறது. நம் கணக்கில் அது கி.பி. 417ஆம் ஆண்டு. சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாததால் தேதி மட்டும் மிஞ்சியது. அந்த நாளில் பிறந்தவரோடு எத்தனை பாண்டங்களை வைத்தார்கள், எது தலைமாட்டில் இருந்தது, எது காலடியில் இருந்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

அதே ஊரில் 1984இல் ஆடம்ஸ் குழுவினர் கொள்ளையர் கை படாத ஒரு கல்லறையைத் திறந்தார்கள். அதற்கு 19 என்று எண் கொடுத்தார்கள். உள்ளே, திருகி மூடும் மூடியும் மேலே வளைந்த கைப்பிடியும் கொண்ட ஒரு குடம் இருந்தது. குடத்தின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருந்த படிவைச் சுரண்டி ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தப் படிவில் தியோபுரோமினும் காஃபீனும் இருப்பது தெரிந்து, கொக்கோ என்று உறுதியாயிற்று. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவருடைய கடைசிப் பயணத்துக்கு ஊற்றி வைத்த பானத்தின் கசடு அது.

விற்பனைக்குப் போகும் குடத்தை முதலில் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கழுவுவார்கள். பிறகு விரிசலை அடைப்பார்கள், மங்கிய ஓவியத்தின் மேல் புதுச் சாயம் தீட்டுவார்கள், பாதி அழிந்த எழுத்தைத் தங்கள் கற்பனைக்கு எட்டியபடி நிரப்புவார்கள். பிணத்தின் மேல் தூவியிருந்த சிவந்த சாதிலிங்கப் பொடியும் துணியின் தடமும் எலும்பும் குழிக்கு வெளியே மண்ணோடு மண்ணாகக் குவியும். மர வேர் நொறுக்கிய பானையின் ஓடுகளாவது கிடந்த இடத்தில் கிடக்கும், பொறுமையிருந்தால் ஒட்டியும் விடலாம்.

8 ஜனவரி

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. குடத்தில் இருந்தது கொக்கோ என்பதை ஆய்வகமே முதலில் கண்டுபிடித்தது போன்ற தொனி வந்துவிட்டது. ஆய்வு முடிவு முழுமையாக அச்சேறுவதற்கு முன்பே மாய எழுத்தறிஞர் டேவிட் ஸ்டூவர்ட் குடத்தின் மேல் 'ககாவ்', அதாவது கொக்கோ என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டியிருந்தார். எழுத்தும் எச்சமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லியிருக்கின்றன.

மூடியைப் பற்றிக் கேட்டவருக்கு: ஊறுகாய் பாட்டிலின் மூடியைப் போலப் பல சுற்று சுற்ற வேண்டியதில்லை. பொருத்திச் சற்றே திருப்பினால் பூட்டிக்கொள்ளும்.

10 ஜனவரி

நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு முறை.

2014 மார்ச்சில், பெத்தேனிலுள்ள பழைய மாய நகரமான டிக்காலிலிருந்து வடக்கே 23 கிலோமீட்டர் மண் சாலையில் இருக்கும் வாஷக்தூன் என்ற சிற்றூருக்குப் போனேன். அமெரிக்காவின் கார்னெகி ஆய்வு நிறுவனத்தார் 1926 முதல் பத்தாண்டுக்கும் மேலாக அகழ்ந்த ஊர் அது. இன்றும் இடிபாடுகளுக்கு நடுவில், பழைய விமானத் தளத்தின் இருபுறமும் வீடுகளுடன் இருக்கிறது. வழிகாட்டியாக வந்த பெரியவர் இளமையில் சிக்கிளே பால் வடித்தவர். வழியெங்கும் மரங்களில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய பழைய தழும்புகளைக் காட்டிக்கொண்டே வந்தார். நாம் கடையில் கிலோ கணக்கில் வாங்கும் சப்போட்டாவின் மரம்தான் அது; பெயரும் 'சபோத்தே' என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்ததே. அந்த மரத்தின் பாலைக் காய்ச்சி மெல்லும் கோந்தாக்கினார்கள். டிக்கால் கோயில்களின் வாசல் உத்தரங்களில் செதுக்கியிருப்பதும் அதன் கட்டையில்தான்.

ஊரிலிருந்து முக்கால் மணி நேர நடையில் ஒரு மேடு இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. மேட்டின் நடுவே, ஒரு ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு நுழையும் அகலத்தில், உச்சியிலிருந்து அடிவரை கீறிப் பிளந்திருந்தார்கள். இரு பக்கச் சுவர்களிலும் வெண்சாந்துத் தளங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. ஒவ்வொரு தலைமுறையும் பழைய கட்டடத்தை மூடி மேலே புதிதாகக் கட்டியதன் வரலாறு அது, நான் ஐந்து வரை எண்ணினேன். பிளவின் முடிவில் கயிற்றுக் கட்டில் அளவே ஆன ஓர் அறை, அதன் கூரைக் கற்கள் இரண்டு உள்ளே சரிந்திருந்தன. வௌவால் எச்சத்தின் நெடி மூச்சை அடைத்தது. தரையில் துருப்பிடித்த டார்ச் பேட்டரிகளும் ஒரு மத்தி மீன் டப்பாவும் கிடந்தன. வெளியே மண் குவியலில், சுண்டு விரல் நீள எலும்புத் துணுக்குகளுக்கு நடுவில், பானை ஓடு ஒன்று கண்ணில் பட்டது. ஆரஞ்சு நிறப் பூச்சு, அதன் மேல் நூல் தடிமனில் ஒரு கறுப்புக் கோடு, உட்புறத்தில் உருவாக்கியவரின் விரல் இழுத்த வரிகள். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெரியவர், "அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றார். வைத்துவிட்டு நடந்தோம்.

11 ஜனவரி

நம் கோயில் சிலைக் கடத்தலோடு இருவர் ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஒப்புமையை விட வேறுபாடே இங்கே முக்கியம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கோயில் கோயிலாகப் படமெடுத்து வைத்ததால், வெளிநாட்டுக் காட்சிக்கூடத்தில் நிற்கும் சிலை இன்ன ஊர்க் கோயிலில் இருந்தது என்று பின்னாளில் நிறுவ முடிந்தது. மாய நாட்டின் கல்தூண்களுக்கும் இதே கதை உண்டு. இயன் கிரகாம் குவாத்தமாலாவிலுள்ள மச்சாக்கிலா என்ற ஊரின் இரண்டாம் எண் தூணை 1960களின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருந்தார். அதைத் துண்டு துண்டாக அறுத்து பெலிஸ் வழியாக அமெரிக்காவுக்குக் கடத்தி விற்க முயன்ற வணிகர் பிடிபட்டதற்கும், 1974இல் மேல்முறையீட்டிலும் அவர் மீதான தண்டனை நிலைத்ததற்கும் அந்தப் பதிவு பேருதவியாக இருந்தது.

கல்லறைக்குள் இருக்கும் குவளையை யார் படமெடுத்திருப்பார்கள்? மூடிய நாளுக்குப் பிறகு அதை முதலில் பார்ப்பவனே திருடன். திருடுபோனது என்று புகார் கொடுப்பதற்குக்கூட அப்படி ஒன்று இருந்தது என்று எவருக்கும் தெரியாது. மண்ணுக்குள் இருப்பதெல்லாம் நாட்டின் உடைமை என்று குவாத்தமாலாவின் சட்டம் சொல்கிறது; ஆனால் ஒரு குவளை எல்லைக்கு எந்தப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தது என்று கேட்டால், குவாத்தமாலா, மெக்சிகோ, பெலிஸ் மூன்றும் ஒரே காட்டைப் பங்கு போட்டிருப்பவை.

இங்கே என் சொந்த ஊகம் ஒன்றையும் வைக்கிறேன். 1972இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் கொலம்பஸுக்கு முந்தைய கற்சிற்பங்களும் சுவரோவியங்களும் அனுமதியின்றி நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. பானைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பெத்தேன் பொருள்களுக்கு அவசரத் தடை வந்தது 1991இல், இரு நாட்டு உடன்படிக்கை 1997இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் கல்தூணை அறுப்பதை விடக் கல்லறையைக் குடைவதே ஆபத்துக் குறைந்த தொழிலாகியிருக்கும். ரியோ அசுல் சூறையானது அந்த ஆண்டுகளில்தான். வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டுப் புறக்கடையைத் திறந்து வைத்ததைப் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

15 ஜனவரி

திருடன் என்ற சொல்லை நான்கு நாள் முன்பு எளிதாக எழுதிவிட்டேன், அது உறுத்துகிறது. பெத்தேனிலும் பெலிஸிலும் தோண்டுகிறவர்களை 'ஹுவெச்செரோ' என்கிறார்கள். ஹுவெச் என்றால் அழுங்கு. அதைப் போல மண்ணைக் குடைகிறவன் என்று பொருள். அவர்களில் பலர் ஆண்டில் சில மாதம் சிக்கிளே வடிப்பவர்கள், சில மாதம் பூங்கொத்துகளில் வைக்கும் ஷாத்தே ஓலை அறுப்பவர்கள், சோளம் பொய்த்த ஆண்டில் தோண்டுபவர்கள். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நிலமிழந்து காட்டுக்குள் வந்தவர்களும் அவர்களுள் உண்டு. முன்னோர் புதைத்து வைத்த விதை, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம் என்று சிலர் இதைச் சொல்வதாகப் படித்தபோது, மறுக்க எனக்கு உடனே வாய் வரவில்லை. ஏல அரங்கில் கடைசியாகக் கை மாறும் தொகையில் அவர்களுக்குக் கிடைப்பது துளி. தோண்டியவன் பெயரைச் சொல்லிப் பழிக்கும் நாம், வாங்கியவரைச் 'சேகரிப்பாளர்' என்று மரியாதையாக அழைக்கிறோம்.

16 ஜனவரி

அழுங்கு அன்று, ஆர்மடில்லோ. சுட்டிக்காட்டிய மூவருக்கும் நன்றி. இரண்டுக்கும் உடம்பில் கவசம் உண்டு, உறவு கிடையாது; அழுங்கு இன்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மட்டுமே வாழ்கிறது. எழுதியவன் கவசம் இல்லாதவன் என்பதைக் கருதி விட்டுவிடவும்.

19 ஜனவரி

எங்கே கிடைத்தது என்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவருக்கு, குவாத்தமாலாவிலுள்ள எல் பெரு-வாகா என்ற மாய ஊரின் கதையைச் சொல்கிறேன். 1960களில் அந்த ஊரின் கல்தூண்கள் சிலவற்றின் செதுக்கிய முகத்தை மட்டும் பலகை போல அறுத்துக் கொண்டுபோனார்கள். அவற்றில் ஒன்றை கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 1967இல் வாங்கியது. கேடயத்தோடு நிற்கும் அரசி ஒருத்தியின் உருவம் அது, தூண் நட்ட ஆண்டு கி.பி. 692. எந்த ஊர்த் தூண் என்று தெரியாமலே அது காட்சிக்கு வந்தது. கிரகாம் எல் பெருவில் அறுத்து விட்டுப்போன எச்சத்தைக் கண்டு பொருத்திக் காட்டிய பிறகே ஊர் தெரிந்தது, எழுத்தைப் படித்த பிறகு பேரும் தெரிந்தது: காபெல், கலாக்முல் நகரின் 'பாம்பு' அரச மரபில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள், கணவனை விட உயர்ந்த போர்த் தலைமைப் பட்டம் தாங்கியவள்.

2012இல் அதே ஊரின் முதன்மைக் கோயிலுக்கு அடியில் டேவிட் ஃபிரைடல், ஒலிவியா நவாரோ-ஃபார் ஆகியோரின் குழு ஒரு கல்லறையைத் திறந்தது. அதில் கையடக்கமான ஒரு வெண்கல் சிமிழ் இருந்தது. சங்கிலிருந்து ஒரு முதியவளின் தலையும் கையும் வெளியே நீளுவதைப் போலச் செதுக்கியிருந்தார்கள். அதன் பின்புறத்தில் நான்கு குறிகள், அந்த அரசியின் பேர். வெண்கலச் சிமிழ் என்று வாசித்துவிட வேண்டாம், வெண்மையான கல். ஆளுயரத் தூண் ஒரு கண்டத்தில், உள்ளங்கைச் சிமிழ் இன்னொரு கண்டத்தில் என்று எழுத வந்தேன். இரண்டும் ஒரே கண்டத்தில்தான் இருக்கின்றன, நாடுதான் வேறு. சிமிழ் தனியாகச் சந்தைக்குப் போயிருந்தால் பேரைப் படித்திருப்பார்கள். அருகில் கிடந்த எலும்புகள் ஓர் அரசியுடையவை என்பதும், அவளை அடக்கம் செய்த கோயிலை அரச மரபு அழிந்த பிறகும் எளிய மக்கள் வந்து வணங்கினார்கள் என்பதும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. 1988இல் பெலிஸின் புவெனவிஸ்டாவில் ஓர் இளைஞனின் கல்லறையில் கிடைத்த குவளையில் இருப்பது குவாத்தமாலாவிலுள்ள நாரன்ஹோ நகர அரசனின் பேர். அகழாய்வாளர் கையால் எடுத்ததால், பெரிய ஊர் அரசன் சிற்றூர்ப் பிரபுக்கு அனுப்பிய பரிசு என்று அரசியலே புரிகிறது. சந்தையில் வந்திருந்தால் நாரன்ஹோவில் தோண்டியது என்று எல்லோரும் தவறாகவே எழுதியிருப்போம்.

20 ஜனவரி

குரோலியர் ஏடு களவில் வந்தும் உண்மையானது என்று தெரியவில்லையா என்கிறார் ஒருவர். தெரிந்தது, ஆனால் எப்போது? 1971இல் அதே கண்காட்சியில் முதன்முதலாக வெளியே வந்த அந்த மாய மரப்பட்டை ஏட்டைப் போலி என்று பலர் ஒதுக்கினார்கள். மெக்சிகோ 2018இல் மெய்யானது என்று அறிவிக்கும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது சந்தேகத்திலேயே கிடந்தது. பிறந்த இடம் சொல்ல முடியாத பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க அலைந்த கதை.

24 ஜனவரி

அருங்காட்சியகத்தில் இருந்தால் பத்திரம் என்ற வாதத்துக்கு ஒரே பதில். மெக்சிகோவின் பலெங்கேயில் அகழாய்வாளர் ஆல்பர்த்தோ ருஸ் 1948இல் கோயில் தளத்தின் ஒரு பலகைக் கல்லைப் பெயர்த்து, கற்கூளம் அடைத்த படிக்கட்டை நான்கு பருவம் காலி செய்து, 1952இல் பக்கால் அரசனின் கல்லறையை அடைந்தார். கி.பி. 683இல் மூடிய அறை அது. அரசனின் முகத்திலிருந்த பச்சைக்கல் முகமூடி மெக்சிகோ நகர மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1985ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடிகாலையில், கால்நடை மருத்துவம் பயின்ற இரண்டு இளைஞர்கள் குளிரூட்டிக் குழாய் வழியாக நுழைந்து, அந்த முகமூடி உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். 1989இல் மீட்கும்வரை அவை பெரும்பாலும் ஒரு வீட்டு அலமாரியில் இருந்தன. காட்டில் 1,269 ஆண்டுகள், காட்சிப் பெட்டியில் முப்பத்து மூன்று. ஆனால் மீண்டும் அடையாளம் காண முடிந்ததே, ஒவ்வொன்றுக்கும் படமும் அளவும் இருந்ததால்தான். 11ஆம் தேதிக் குறிப்பையும் சேர்த்துப் படிக்கவும்.

29 ஜனவரி

குவாத்தமாலாவின் சான் பார்தோலோ சுவரோவியம் கொள்ளையரால்தானே கிடைத்தது என்று வருவீர்கள் என எதிர்பார்த்தேன். ஆம், 2001இல் தொல்லியலாளர் வில்லியம் சாட்டர்னோ வெயிலுக்கு ஒதுங்கி நுழைந்தது கொள்ளையர் வெட்டிய சுரங்கம்தான்; விளக்கை உயர்த்தியபோது கண்டது கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சுவரோவியம். பூட்டை உடைத்தவன் விட்டுப்போன கதவு வழியாக உள்ளே போனதற்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்ளுங்கள். வானிலிருந்து லேசர் ஒளியால் தரையை அளக்கும் லைடார் முறையில் செய்து 2018இல் வெளிவந்த அளவீடு 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் காட்டியது. அந்த வரைபடம் எனக்கு உதவுவதைப் போலவே குடைபவனுக்கும் உதவும். மகிழ்ச்சியாகப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த எண்ணம் பாதியில் வந்து அன்றைய தூக்கம் கெட்டது.

4 பிப்ரவரி

15ஆம் தேதி எழுதியதில் தோண்டுபவர்கள் பக்கம் சற்று அதிகமாகச் சாய்ந்துவிட்டேன். 1971இல் லா நாயா என்ற இடத்துக்கு கிரகாம் போனபோது, அங்கிருந்த கொள்ளைக் கூட்டம் சுட்டதில் அவருடன் வந்த வழிகாட்டி இறந்தார். சோளம் பொய்த்தவனின் கையில் அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தது யார் என்று கேட்கலாம், ஆனால் சுட்டது சுட்டதுதான்.

காவல் என்று வரும்போது, 1990இல் அமைந்த மாயா உயிர்க்கோளக் காப்பகம் இருபது லட்சம் ஹெக்டேருக்கும் மேல். அதற்குக் காவலரை நிறுத்தி மாளாது. எனக்கு நம்பிக்கை தருவது, காட்டின் பகுதிகளை ஊர்ச் சமூகங்களிடமே பயன்பாட்டு உரிமையாகக் கொடுத்த ஏற்பாடு. வாஷக்தூன் மக்களிடம் 83,000 ஹெக்டேருக்கும் மேல் இருக்கிறது. மரமும் ஓலையும் தங்கள் பிழைப்பாக இருக்கும்போது, அறிமுகமில்லாத வண்டி காட்டுக்குள் நுழைந்தால் அவர்களே முதலில் கேட்பார்கள். குவாத்தமாலாவின் கான்குவேன் என்ற மாய ஊரில் களவுபோன பந்தாட்டக் களக் குறிக்கல் 2003இல் மீண்டதற்கும், கெக்சி என்ற மாய இனத்து ஊர்ப் பெரியவர்கள் மிரட்டலை மீறி அகழாய்வாளர் ஆர்தர் டெமரெஸ்டிடம் வந்து சொன்னதே தொடக்கம். திறந்த சுரங்கங்களைக் கல்லும் மண்ணும் இட்டு மீண்டும் நிரப்புவது இன்னொரு வேலை. நிரப்பாவிட்டால் அடுத்த மழையில் மேடே உள்வாங்கும்.

திருடன் வராமலேயே எல்லாம் அழிவதும் உண்டு. 2013 மே மாதம் பெலிஸின் நோமுல்லில், சாலைக்குச் சுண்ணாம்புச் சரளை வேண்டும் என்று முதன்மைக் கோயில் மேட்டையே இயந்திரத்தால் தின்றுவிட்டார்கள். நடுவில் ஒரு துண்டு மட்டும் நின்றது.

9 பிப்ரவரி

'ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நிமிடம் கையில் வைத்திருந்த ஓட்டின் கறுப்புக் கோடு நூல் தடிமன் என்று எப்படி நினைவிருக்கிறது' என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதாமல் தட்டிக் கழிக்கத்தான் பார்த்தேன்.

நான் அதைக் கீழே வைக்கவில்லை. பெரியவர் திரும்பி நடக்கத் தொடங்கியதும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்றிரவு விடுதியில் குழாயடியில் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். உள்வரிகளில் சிவப்பாக ஏதோ கரைந்து ஓடியது, மண்ணாகவும் இருக்கலாம், சாதிலிங்கமாகவும் இருக்கலாம். மறுநாள் மனம் கேட்காமல், ஊர் திரும்பும் வழியில், தொல்பொருள் காட்சிக்கு வைத்திருந்த ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசைக்குப் பின்னாலிருந்த பெண்மணி எங்கே எடுத்தது என்று கேட்டார். வாஷக்தூன் அருகே, முக்கால் மணி நேர நடை என்றேன். எந்தத் திசையில் என்றார். சொல்லத் தெரியவில்லை. அவர் கோபிக்கவில்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தக்காளிக் கூடையை இழுத்தார். முக்கால் கூடை ஓடுகள் இருந்தன, எல்லாம் சுத்தமாகக் கழுவியவை. என்னுடையதையும் அதில் போட்டுவிட்டு, காலால் கூடையைத் திரும்ப உள்ளே தள்ளினார்.